பைப் புகையிலை என்று எழுதினால் வரி குறையும்

அமெரிக்காவில் ஒரு புகையிலைக் கடைக்குள் போனால் 'பைப் புகையிலை' என்ற பெயரில் இரண்டு விதமான சரக்கு கண்ணில் படும். ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் வட்ட டின். எடை 50 கிராம். மூடியைத் திறந்தால் அழுத்தி வைத்து வெட்டிய பட்டை பட்டையான துண்டுகள், விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு இருக்கும். உதிர்த்து, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம்தான் பைப்பில் அடைக்க முடியும். இன்னொன்று, தலையணை மாதிரி உப்பிய பெரிய பிளாஸ்டிக் பை. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 453 கிராம் பிடிக்கும். உள்ளே இருப்பது மெல்லிய இழையாகச் சீவிய உலர்ந்த புகையிலை. ஒரு சிகரெட்டைப் பிரித்துக் கொட்டினால் என்ன விழுமோ அதேதான். ஆனால் பையின் மேல் 'பைப் புகையிலை' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஃபில்டர் வைத்த காலி சிகரெட் குழல்கள், பெட்டிக்கு 200 என்று அடுக்கி வைத்திருப்பார்கள்.

அந்தப் பெரிய பையை வாங்கிப் போகிறவர்களில் பைப் வைத்திருப்பவர் அபூர்வம். வீட்டில் உட்கார்ந்து காலிக் குழலில் அடைத்து சிகரெட்டாகப் பிடிக்கத்தான் வாங்குகிறார்கள். கடைக்காரருக்கும் தெரியும், தயாரிப்பவருக்கும் தெரியும், வரி வசூலிக்கிற அரசுக்கும் தெரியும். தெரிந்தும் 2009 முதல் இது இப்படியே நடக்கிறது. பைப் புகையிலைக்கு வரி எப்படி வேலை செய்கிறது, இறக்குமதி விதிகள் வாங்குபவரை எங்கே தொடுகின்றன என்று புரிந்துகொள்ள அமெரிக்காவை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2009 பிப்ரவரி 4 அன்று அதிபர் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நீட்டித்து விரிவாக்கும் சட்டம் அது. அதற்கான பணத்தைப் புகையிலை வரியை உயர்த்தித் திரட்டினார்கள். ஏப்ரல் 1 முதல் புதிய விகிதங்கள் அமலுக்கு வந்தன. 20 சிகரெட் கொண்ட பாக்கெட்டுக்கு மத்திய அரசின் கலால் வரி 39 சென்ட்டிலிருந்து 1 டாலர் 1 சென்ட்டாக ஏறியது.

அதுவரை கையால் சிகரெட் சுருட்டும் புகையிலைக்கும் பைப் புகையிலைக்கும் ஒரே வரிதான். பவுண்டுக்கு 1 டாலர் 9.69 சென்ட். 2009-இல் இரண்டையும் பிரித்தார்கள். சிகரெட் சுருட்டும் புகையிலைக்குப் பவுண்டுக்கு 24 டாலர் 78 சென்ட். பைப் புகையிலைக்கு 2 டாலர் 83 சென்ட். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம்.

சிகரெட் சுருட்டும் புகையிலைக்கு ஏன் அவ்வளவு? அதில் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. கடையில் விற்கும் ஆயிரம் சிகரெட்டுக்கு வரி 50 டாலர் 33 சென்ட். அப்படியானால் ஒரு சிகரெட்டுக்கு 5 சென்ட்டுக்குச் சற்று மேல். 24.78 டாலரை அதால் வகுத்தால் 492 சிகரெட் வருகிறது. ஒரு பவுண்டு புகையிலையில் சுமார் 492 சிகரெட் சுருட்டலாம், ஒவ்வொன்றிலும் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் புகையிலை இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், கடைச் சிகரெட்டும் கையால் சுருட்டிய சிகரெட்டும் சமமான வரி கட்டும். சரி, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கோட்டைவிட்டது பைப் புகையிலையில். பைப் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலும் வயதானவர்கள், அவர்கள் தலையில் பெரிய சுமை ஏற்ற வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அந்த இரக்கத்தில் தவறில்லை. ஆனால் எது பைப் புகையிலை என்று சட்டம் அளந்து சொல்லவில்லை.

அமெரிக்க வரிச் சட்டத்தில் பைப் புகையிலைக்கு இருக்கும் வரையறையின் சாரம் இதுதான்: தோற்றம், வகை, பொதி, லேபிள் ஆகியவற்றால் பைப்பில் பிடிக்க ஏற்றதாகவும், அதற்கென்று நுகர்வோருக்கு விற்கப்படக்கூடியதாகவும் இருக்கும் புகையிலை. சிகரெட் சுருட்டும் புகையிலைக்கான வரையறையும் வரிக்கு வரி அப்படியேதான், பைப் என்ற இடத்தில் சிகரெட் வருகிறது. இழை எத்தனை மில்லிமீட்டர் அகலம், ஈரப்பதம் எவ்வளவு, எந்த இலை என்று ஒரு சொல் கிடையாது. நான்கு அடையாளங்களில் பொதியும் லேபிளும் இரண்டு. அவை இரண்டும் தயாரிப்பவர் கையில் இருப்பவை.

பிறகு என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுக் கணக்கு அலுவலகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் எண்கள் இருக்கின்றன. 2009 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மாதத்துக்குச் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு பைப் புகையிலை விற்றது. 2011 செப்டம்பரில் அதே ஒரு மாத விற்பனை 30 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதே காலத்தில் சிகரெட் சுருட்டும் புகையிலை மாதம் 20 லட்சம் பவுண்டிலிருந்து 3 லட்சத்து 15 ஆயிரமாக விழுந்தது. மூன்று வருடத்துக்குள் அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகப் பைப் பிடிக்கத் தொடங்கிவிடவில்லை. பையின் மேலிருந்த எழுத்து மாறியது, அவ்வளவுதான்.

வாங்குபவர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 சிகரெட் கொண்ட ஒரு அட்டைப்பெட்டியைக் கடையில் வாங்கினால் மத்திய வரி மட்டும் 10 டாலர் 7 சென்ட். அதே 200 சிகரெட்டை 'பைப் புகையிலை' வாங்கி வீட்டில் அடைத்தால், புகையிலைக்கான வரி 1 டாலர் 15 சென்ட். காலிக் குழலுக்கும் ஒரு சின்ன வரி உண்டு, 50 குழலுக்கு 6.3 சென்ட். அதையும் கூட்டினால் 1 டாலர் 40 சென்ட். ஒரு பெட்டிக்கு எட்டரை டாலருக்கு மேல் மிச்சம். தினம் ஒரு பாக்கெட் பிடிக்கும் கூலித் தொழிலாளி ஒருவருக்கு வருடத்தில் 36 பெட்டி ஆகும். 300 டாலருக்கு மேல் மத்திய வரியிலேயே மிச்சமாகும் என்றால் அவர் அந்தப் பையைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரியோடு வேறு சுமைகளும் அந்தப் பெயர்மாற்றத்தில் இறங்கின. 1998-இல் பெரிய சிகரெட் நிறுவனங்களும் மாநிலங்களும் செய்துகொண்ட சமரச ஒப்பந்தப்படி, விற்கும் சிகரெட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிறுவனங்கள் மாநிலங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் சேராத சிறு நிறுவனங்கள் ஒரு தொகையை வங்கியில் ஒதுக்கி வைக்க வேண்டும். சிகரெட் சுருட்டும் புகையிலையையும் அந்த ஒப்பந்தம் சிகரெட்டாகவே எண்ணுகிறது. பைப் புகையிலையை எண்ணுவதில்லை. 2009 செப்டம்பரில் சிகரெட்டில் பழச்சுவை, இனிப்புச்சுவை சேர்ப்பதற்குத் தடை வந்தது. சுருட்டும் புகையிலைக்கும் அந்தத் தடை பொருந்தும். பைப் புகையிலைக்குப் பொருந்தாது. 2010-இல் சிகரெட்டையும் சுருட்டும் புகையிலையையும் அரசு அஞ்சலில் அனுப்பத் தடை வந்தபோதும் பைப் புகையிலை அதில் இல்லை. ஒரே ஒரு பெயரை மாற்றினால் இத்தனை வாசல் திறக்கிறது.

சில கடைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஒரு பெரிய இயந்திரத்தைக் கடையிலேயே நிறுத்தினார்கள். வாடிக்கையாளர் பைப் புகையிலைப் பையையும் காலிக் குழல்களையும் காசு கொடுத்து வாங்கி, இயந்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினால், சில நிமிடங்களில் 200 சிகரெட் வெளியே வந்துவிடும். கடைக்காரர், 'நான் சிகரெட் தயாரிக்கவில்லை, இயந்திரத்தை வாடகைக்குத்தான் விடுகிறேன்' என்பார். இப்படி இயந்திரம் வைத்திருக்கும் கடை சட்டப்படி சிகரெட் தொழிற்சாலைதான் என்று வரித்துறை 2010-இல் அறிவித்தது. வழக்கு நடந்து அந்த அறிவிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 2012 ஜூலையில் நெடுஞ்சாலை நிதிக்கான ஒரு சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் சேர்த்து, அப்படிப்பட்ட இயந்திரத்தை வணிகத்துக்காக வைத்திருப்பவர் சிகரெட் தயாரிப்பாளர் என்று எழுதினார்கள். பெரும்பாலான இயந்திரங்கள் அத்தோடு ஓய்ந்தன. புகையிலைப் பை ஓயவில்லை. வீட்டில் வைத்து அடைக்கும் சின்னக் கைக்கருவி மலிவாகக் கிடைக்கிறது.

சுருட்டிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சுருட்டுக்குச் சிகரெட்டின் வரி. பெரிய சுருட்டுக்கு விலையில் ஒரு பங்கு வரி. இரண்டையும் பிரிப்பது எடை, ஆயிரத்துக்கு 3 பவுண்டு. மலிவான சின்னச் சுருட்டில் கொஞ்சம் எடை கூட்டினால் அது 'பெரிய சுருட்டு' ஆகிவிடும், விலை குறைவு என்பதால் வரியும் குறையும். கூட்டினார்கள். பைப் புகையிலை, சுருட்டு என்ற இந்த இரண்டு ஓட்டைகள் வழியாக 2009 ஏப்ரல் முதல் 2018 செப்டம்பர் வரை அரசு இழந்த வரி 250 கோடி முதல் 390 கோடி டாலர் வரை இருக்கும் என்று அதே கணக்கு அலுவலகம் 2019-இல் மதிப்பிட்டது. பிள்ளைகளின் மருத்துவத்துக்காகப் போட்ட வரி அது என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

வரித்துறை சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. பைப் புகையிலை என்ற பெயரோடு விற்கும் பொதியில் சிகரெட் படமோ, சுருட்டலாம் என்ற குறிப்போ இருக்கக்கூடாது, இருந்தால் அதிக வரி என்று 2009-இலேயே விதி போட்டார்கள். படங்கள் போய்விட்டன, புகையிலை அப்படியே இருந்தது. இரண்டையும் பொருளாகவே பிரித்துக் காட்டும் அளவுகோல் என்னவாக இருக்கலாம் என்று 2010-இல் பொதுமக்களிடமும் தொழில்துறையிடமும் கருத்துக் கேட்டார்கள். இழை அகலம், ஈரம், சர்க்கரை அளவு என்று பல யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதமும் வந்தது.

ஐரோப்பா இதை வேறு மாதிரிச் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, ஒரு புகையிலையின் எடையில் 25 சதவீதத்துக்கு மேல் 1.5 மில்லிமீட்டரை விடக் குறுகிய இழையாக இருந்தால் அது சிகரெட் சுருட்டும் புகையிலைதான். லேபிளில் என்ன எழுதினாலும் சரி. முன்பு இந்த எல்லை 1 மில்லிமீட்டராக இருந்தது. அதை 1.5 ஆக உயர்த்தினார்கள். அதாவது அங்கேயும் அளவுகோலைப் பின்தொடர்ந்து ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே ஓடுவது ஒரு மில்லிமீட்டரில் பாதிக்காக. ஆய்வகத்தில் அளந்து பார்த்துவிடலாம். அமெரிக்காவில் வாங்குபவரின் மனசுக்குள் என்ன நோக்கம் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இனி அந்தச் சின்ன டின்னுக்கு வருவோம். உண்மையாகவே பைப் பிடிக்கிறவர் வாங்குவது அதைத்தான்.

பைப் புகையிலையில் பெயர் வாங்கிய சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சிற்றூரில் கவித் குடும்பத்துத் தொழிற்சாலை. டென்மார்க்கில் அசென்ஸ். ஜெர்மனியில் ரெல்லிங்கன். முன்பு டன்ஹில் பெயரில் வந்த கலவைகள் இப்போது பீட்டர்சன் பெயரில் வருகின்றன, அவை டென்மார்க்கில் தயாராகின்றன. லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மட்டும் பீப்பாயில் அழுத்தி ஊறவைக்கும் பெரீக் என்ற இலை உண்டு. அது கடல் கடந்து போய், அங்கே வேறு இலைகளோடு கலந்து, டின்னில் அடைபட்டு அமெரிக்காவுக்கே திரும்பி வரும்போது இறக்குமதிச் சரக்காகிவிடுகிறது.

அப்படி வரும் டின்னை வணிகத்துக்காக உள்ளே கொண்டுவர வேண்டுமானால் மது, புகையிலை வரித் துறையிடம் இறக்குமதியாளர் அனுமதி பெற்றிருக்க வேண்டும். துறைமுகத்தில் சுங்க வரியோடு சேர்த்து மத்திய கலால் வரியையும் வசூலித்துவிடுவார்கள். கலால் வரி 50 கிராம் டின்னுக்கு எவ்வளவு? பவுண்டுக்கு 2.83 டாலர் என்றால் டின்னுக்கு 31 சென்ட். அதுவே சிகரெட் சுருட்டும் புகையிலையாக இருந்தால் 2 டாலர் 73 சென்ட் ஆகியிருக்கும். ஆக, மத்திய அரசைப் பொறுத்தவரை டின்காரர் மீது சுமை அதிகமில்லை.

சுமை மாநிலத்தில் இருக்கிறது. அங்கேதான் ஒரே டின் ஒரு மாநிலத்தில் ஒரு விலையும் பக்கத்து மாநிலத்தில் இன்னொரு விலையுமாக மாறுகிறது. நியூயார்க் மாநிலம் சிகரெட் அல்லாத புகையிலைப் பொருளுக்கு மொத்த விலையில் 75 சதவீதம் வரி போடுகிறது. மின்னசோட்டாவில் 95 சதவீதம். பென்சில்வேனியா 2016 அக்டோபரிலிருந்து எடைக்கு வரி போடுகிறது, அவுன்ஸுக்கு (சுமார் 28 கிராம்) 55 சென்ட். ஒரு டின்னின் மொத்த விலை 8 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் வரி 6 டாலர். மின்னசோட்டாவில் 7 டாலர் 60 சென்ட். பென்சில்வேனியாவில் 97 சென்ட். நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் அடுத்தடுத்த மாநிலங்கள். எல்லையைக் கடந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் டின்னுக்கு 5 டாலர் மிச்சம்.

இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில் இன்னொரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. விலையின் மீது சதவீதமாக வரி போடும் மாநிலத்தில், விலையை ஏற்றும் எதுவும் வரியையும் ஏற்றும். 2025-இல் டிரம்ப் அரசு பிரிட்டன் பொருட்களுக்குக் கூடுதலாக 10 சதவீதமும், ஐரோப்பிய ஒன்றியப் பொருட்களுக்குப் பழைய வரியையும் சேர்த்து 15 சதவீதமும் இறக்குமதி வரி அறிவித்தது. டென்மார்க்கிலிருந்து 5 டாலருக்கு வரும் டின் என்றால் 15 சதவீதத்தில் சுமார் 75 சென்ட் ஏறும். அதை இறக்குமதியாளர் மொத்த விலையில் சேர்த்துவிட்டால், மின்னசோட்டா அந்த 75 சென்ட்டுக்கும் 95 சதவீதம் வாங்கும். ஆக 1 டாலர் 46 சென்ட். அதன் மேல் கடைக்காரரின் லாபம், அதன் மேல் விற்பனை வரி. பென்சில்வேனியாக்காரருக்கு அந்த 75 சென்ட் 75 சென்ட்டாகவே நிற்கும், ஏனென்றால் டின்னின் எடை மாறவில்லை. விலையேறிய தரமான கலவையை வாங்குகிறவரைச் சதவீத வரி அதிகம் அடிக்கிறது. மலிவான பெரிய பையை வாங்குகிறவரை எடை வரி அதிகம் அடிக்கிறது. பொது சுகாதாரத்தை மனதில் வைத்துப் பார்த்தால் எடைக்கு வரி போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். நுரையீரலுக்கும் வாய்க்கும் கேடு செய்வது புகையிலையின் விலை இல்லை, அதன் அளவு.

பைப் புகையிலை அஞ்சல் தடைக்கு வெளியே இருப்பதால் இணையத்தில் ஆர்டர் செய்து வாங்குகிறவர்கள் அதிகம். தொலைவிலிருந்து விற்கும் கடை மத்திய வரியைக் கட்டிய சரக்கைத்தான் அனுப்புகிறது. மாநில வரி எப்படி வசூலாகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விற்பவரிடமே வாங்கும் மாநிலமும் உண்டு, வாங்குபவர் தானே கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் மாநிலமும் உண்டு. தங்கள் எல்லைக்குள் அனுப்பவே கூடாது என்று சொல்லும் மாநிலங்களும் இருக்கின்றன. அந்த முகவரிகளுக்குக் கடைகள் பார்சல் அனுப்புவதில்லை.

வரியை விடவும் பைப் பிடிப்பவர்களைக் கலக்கியது 2016 ஆகஸ்ட் 8 அன்று அமலான விதி. அன்றிலிருந்து பைப் புகையிலையும் சுருட்டும் எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு, மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2007 பிப்ரவரி 15 அன்று அமெரிக்கச் சந்தையில் இருந்த சரக்கு பழைய சரக்கு, அதற்கு முன்அனுமதி வேண்டாம். அதற்குப் பிறகு வந்தது புதுச் சரக்கு, அனுமதி வேண்டும். கெண்டலிலோ ரெல்லிங்கனிலோ ஒரு சிறிய தொழிற்சாலை வருடத்துக்குச் சில ஆயிரம் டின் மட்டுமே விற்கக்கூடிய ஒரு கலவைக்காக அறிவியல் தரவுகளோடு விண்ணப்பம் தயாரிப்பது கட்டுப்படியாகாது. விளைவு, ஐரோப்பாவில் புதிதாக வரும் கலவைகள் பல அமெரிக்காவை எட்டிப் பார்ப்பதில்லை. காற்றுப் புகாத டின்னில் பைப் புகையிலை பல ஆண்டுகள் கெடாது என்பதால், இருக்கிற கலவைகளும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பலர் வருடக்கணக்குக்குப் போதுமான டின்களை வாங்கி அடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பயமே சில சரக்குகளுக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்கியது. உயர்ரகச் சுருட்டுக்காரர்கள் வழக்குப் போட்டு 2023 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் விலக்கு வாங்கினார்கள். பைப் புகையிலை அந்தத் தீர்ப்பில் இல்லை.

வேறு நாடுகளைப் பார்த்தால் அமெரிக்காவில் டின் வாங்குபவர் எவ்வளவு லேசாகத் தப்பிக்கிறார் என்று தெரியும். ஆஸ்திரேலியாவில் இலைப் புகையிலைக்கான வரி கிலோவுக்கு 2,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது. 50 கிராம் டின்னுக்கு வரி மட்டுமே 100 டாலருக்கு மேல். 2019 ஜூலை முதல் அனுமதி இல்லாமல் அஞ்சலில் வரவழைக்கவும் முடியாது.

இந்தியாவில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண் 125. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி, 100 சிகரெட் அல்லது 25 சுருட்டு அல்லது 125 கிராம் புகையிலை, இவற்றில் ஒன்றைத்தான் வரிச் சலுகையோடு கொண்டுவரலாம். சென்னை விமான நிலையத்தில் இறங்கும் மாமாவின் பெட்டியில் 50 கிராம் டின் இரண்டு இருந்தால் பிரச்சினை இல்லை, மூன்றாவது டின்னில் எல்லை தாண்டிவிடும். இணையத்தில் வாங்கி 'பரிசு' என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய வழியும் 2019 டிசம்பரில் மூடப்பட்டது. மருந்து, ராக்கி தவிர எதையும் வரியில்லாப் பரிசாக அஞ்சலில் எடுக்க முடியாது. இங்கே கடையில் வாங்கினாலும் வரி சாதாரணமில்லை. ஜி.எஸ்.டி. வந்தபோது பைப் கலவைக்கு 28 சதவீத வரியும் அதன் மேல் 290 சதவீத இழப்பீட்டுத் தீர்வையும் விதித்தார்கள். 100 ரூபாய் சரக்குக்கு 318 ரூபாய் வரி. தீர்வை முடிவுக்கு வரும்போது அந்த இடத்தை நிரப்ப, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் கலால் சட்டத்தைத் திருத்தி, இந்தக் கலவைக்கான கலால் வரியை 60 சதவீதத்திலிருந்து 325 சதவீதம் வரை உயர்த்த வழி செய்தது.

இதில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. இந்திய வரி அட்டவணையில் அந்தச் சரக்கின் பெயரே 'பைப்புக்கும் சிகரெட்டுக்குமான புகைக்கும் கலவை'. இரண்டும் ஒரே வரிசையில், ஒரே விகிதத்தில் வருகின்றன. லேபிளை மாற்றி மிச்சம் பிடிக்க இடமே இல்லை. நம்மிடம் இருக்கும் இடைவெளி வேறு இடத்தில், சிகரெட்டுக்கும் பீடிக்கும் நடுவில். பீடிக்கு இழப்பீட்டுத் தீர்வை போடப்படவே இல்லை, 2025-இல் ஜி.எஸ்.டி. குழு அதன் வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் கூலி அதில் இருக்கிறது என்பதால் எந்த அரசும் அதைத் தொடத் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பீடி பிடிக்கிறவரின் நெஞ்சுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் ஓட்டையை அடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. செனட்டர்கள் டிக் டர்பின், ரான் வைடன் ஆகியோரும், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த, இல்லினாய்ஸ் மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தியும் 2021-இல் புகையிலை வரிச் சமன் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். சிகரெட் வரியை இரட்டிப்பாக்கி, மற்ற எல்லாப் புகையிலையையும் அதற்குச் சமமாக உயர்த்துவது திட்டம். பைப் புகையிலைக்கும் சுருட்டும் புகையிலைக்கும் பவுண்டுக்கு 49 டாலர் 56 சென்ட் என்று ஒரே விகிதம். மசோதா சட்டமாகவில்லை.

அது சட்டமாகியிருந்தால் பெரிய பையின் தந்திரம் ஒரே நாளில் முடிந்திருக்கும். டின்காரரின் மத்திய வரியும் 31 சென்ட்டிலிருந்து 5 டாலர் 46 சென்ட்டாக ஏறியிருக்கும். பைப் வியாபாரிகள் இதை எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பெரிய பை விற்பவர்களையும் தங்கள் கூட்டத்திலேயே வைத்துக்கொண்டு எதிர்த்ததால்தான் அவர்கள் பேச்சு எடுபடவில்லை என்பது என் கருத்து. புகையிலைக்கு வரி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பைப்பும் வாய்ப் புற்றுநோயைத் தரும். ஆனால் டின்னில் வரும் ஈரமான பட்டைத் துண்டையும் பையில் வரும் உலர்ந்த மெல்லிய இழையையும் ஒரு அளவுகோலும் ஈரம் பார்க்கும் கருவியும் வைத்துச் சில நிமிடங்களில் பிரித்துவிடலாம். ஐரோப்பாவைப் போல ஒன்றரை மில்லிமீட்டர் என்று ஒரு வாக்கியமும், ஈரப்பதம் இத்தனை சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று இன்னொரு வாக்கியமும் சட்டத்தில் எழுதினால், பை 24.78 டாலருக்குப் போகும், டின் 2.83-இலேயே நிற்கும். பிள்ளைகளின் காப்பீட்டுக்குப் போக வேண்டிய பணத்தின் ஒரு பெரிய பங்கை, புதிதாக ஒரு வரியும் போடாமலே, 2009-இல் எழுதிய அதே இரண்டு விகிதங்களை வைத்தே வசூலித்துவிடலாம்.